டிஜிட்டல் தடயவியல்: முதல் பென் டிரைவிலிருந்து முதல் அறிக்கை வரை

விண்டோஸ் கணினியையே இதுவரை பார்த்திராத ஒரு பென் டிரைவை, உதாரணமாக லினக்ஸ் கணினியில், கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த ஒன்றை, விண்டோஸ் 10 உள்ள கணினியில் செருகுங்கள். எதையும் திறக்க வேண்டாம், எதையும் நகலெடுக்க வேண்டாம். சில நொடிகள் கழித்து, மறைத்து வைக்கப்பட்ட கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்துப் பார்த்தால், ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற கோப்புறை ஒன்று அங்கே முளைத்திருக்கும். அதற்குள் சிறு கோப்புகளும் இருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பென் டிரைவ் ஒரு நிமிடத்துக்கு முன்பு இருந்த நிலையில் இப்போது இல்லை. அது ஒரு வழக்கின் சான்றுப்பொருளாக இருந்திருந்தால், கைப்பற்றிய பிறகு அதில் எழுதியது யார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் தேடி நிற்க வேண்டியிருக்கும்.

கணினி, செல்பேசி போன்றவற்றில் சான்றுகளைத் தேடும் டிஜிட்டல் தடயவியல் துறைக்கு வர விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த மென்பொருளை முதலில் கற்க வேண்டும், எந்தச் சான்றிதழ்த் தேர்வை எழுத வேண்டும் என்பதைத்தான். இரண்டுமே பிறகு பார்க்க வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. சான்றுப்பொருளை மாறாமல் காப்பதும், கண்டறிந்த ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டறிந்தோம் என்று இன்னொருவர் அதே வழியில் போய் அதே முடிவை அடையும்படி எழுதி வைப்பதும்தான் இந்தத் தொழில். இவ்விரண்டு பழக்கங்களையும் வீட்டிலேயே, பெரிய செலவின்றி, ஒரு பழைய பென் டிரைவைக் கொண்டு இரண்டு மூன்று வாரக் கடைசிகளில் பழகிவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தேவையானவை

4 அல்லது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்று போதும். கொள்ளளவு சிறியதாக இருப்பதே நல்லது. ஏனெனில் அதில் உள்ள ஒவ்வொரு பைட்டையும், காலியாகக் கிடக்கும் இடத்தையும் சேர்த்து, நீங்கள் படியெடுக்கப் போகிறீர்கள். கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் சமாளிக்கலாம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. மென்பொருள்களில் எஃப்டிகே இமேஜர், ஆட்டாப்சி, எச்எக்ஸ்டி என்ற மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. முதலாவது படியெடுக்க, இரண்டாவது ஆராய, மூன்றாவது பைட்டுகளை நேரடியாகக் கண்ணால் பார்க்க. உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, பக்கங்கள் தைக்கப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகம். தாளைக் கிழித்தால் தெரியும் என்பதற்காகத்தான் தைத்த நோட்டு. செய்வதைச் செய்யும்போதே தேதி, மணி, மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றுடன் எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் திருத்தத்தை எழுதிக் கையொப்பமிடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட குறிப்பு, இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது உதவாது.

விடை தெரிந்த கணக்கு

பயிற்சிக்குரிய பென் டிரைவில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் வழி சரியா என்று தெரியும். முதலில் பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அப்போது ‘குயிக் ஃபார்மட்’ என்ற தெரிவை நீக்கிவிடுங்கள். விரைவு ஃபார்மட் பழைய தரவை அப்படியே விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் புதிதாக்கும்; முழு ஃபார்மட்தான் (விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து) எல்லா இடத்திலும் சுழியங்களை எழுதும்.

பிறகு ஐந்தாறு புகைப்படங்கள், நீங்களே எழுதிய இரண்டு வேர்டு ஆவணங்கள், ஒரு பிடிஎஃப், ஒரே ஒரு வாக்கியம் கொண்ட ஓர் உரைக் கோப்பு ஆகியவற்றை அதில் இடுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் நகலெடுத்த நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களில் ஒன்றின் பெயர் ‘ஐஎம்ஜி_2041’ என்பதுபோல், ஆங்கிலப் பெருவெழுத்தில் எட்டு எழுத்துகளுக்குள் இருக்கட்டும்; ஏன் என்பது பின்னால் விளங்கும். இன்னொரு புகைப்படத்தின் பெயர்ப் பின்னொட்டை (எக்ஸ்டென்ஷன்) மாற்றி, உரைக் கோப்புபோல் தோற்றமளிக்கச் செய்யுங்கள். ‘ஐஎம்ஜி_2041’ உட்பட இரண்டு படங்களையும் ஒரு வேர்டு ஆவணத்தையும் அழித்துவிடுங்கள். பென் டிரைவை முறையாக வெளியேற்றி, ஓர் உறையில் இட்டு ஒட்டி, உறையின் மேல் தேதியும் மணியும் எழுதி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பமிட்டு, ஒரு நாள் வைத்திருங்கள். உறையைப் பயிற்சிக்கு வேண்டாத சடங்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வழக்கில் அந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற தொடர் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற உழைப்பெல்லாம் வீணாகும் என்பதால், கையைப் பழக்கிக்கொள்வது இங்கிருந்தே தொடங்கட்டும்.

எழுதவிடாமல் தடுத்தல்

மறுநாள் உறையைப் பிரிக்கும் முன், கணினியில் எழுதுதடை போட வேண்டும். தொழில்முறையில் இதற்கென்று ‘ரைட் பிளாக்கர்’ என்ற கருவி உண்டு. அது சேமிப்பகத்துக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, படிக்கும் கட்டளைகளை அனுப்பி, எழுதும் கட்டளைகளை நிறுத்திவிடும். அதன் விலை மாணவர் கைக்கு எட்டாது. பயிற்சிக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘கன்ட்ரோல்’ பகுதிக்குள் ‘ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்’ என்ற சாவியை உருவாக்கி, அதில் ‘ரைட் புரொடெக்ட்’ என்ற மதிப்பை 1 என்று வைக்கலாம். அதன் பிறகு செருகப்படும் யுஎஸ்பி சேமிப்பகங்களில் விண்டோஸ் எழுத மறுக்கும்.

அமைத்துவிட்டோம் என்று நம்பி அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். முதலில் வேறொரு பென் டிரைவைச் செருகி, அதில் ஏதேனும் ஒரு கோப்பை நகலெடுக்க முயலுங்கள். மறுப்புச் செய்தி வர வேண்டும். வந்ததை நேரத்துடன் நோட்டில் எழுதிய பிறகே சான்றுப்பொருளைச் செருக வேண்டும். உண்மையான வழக்கில் மென்பொருள் தடையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அங்கே கருவிதான் வேண்டும்.

படிமம் எடுத்தல்

‘இமேஜ்’ என்று துறையில் எல்லோரும் சொல்வதை இங்கே படிமம் என்கிறேன். கோப்புகளை மட்டும் நகலெடுப்பது படிமம் ஆகாது. சேமிப்பகத்தின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டுவரை, காலி இடம், அழிந்த கோப்பின் எச்சம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி ஒரு கோப்பாக எடுப்பதே படிமம். எஃப்டிகே இமேஜரில் ‘கிரியேட் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்து, ‘பிசிகல் டிரைவ்’ என்பதைக் குறியுங்கள். ‘லாஜிகல் டிரைவ்’ என்று தேர்ந்தால் ஒரு பகுப்பு (பார்ட்டிஷன்) மட்டும்தான் வரும்; பகுப்புகளுக்கு வெளியே இருப்பவை விடுபடும். அடுத்து வடிவத்தைக் கேட்கும். தொழிலில் பெரும்பாலும் ஈ01 என்ற வடிவத்தில் எடுப்பார்கள். அது சுருக்கப்பட்டது, வழக்கு எண்ணும் பரிசோதகர் பெயரும் அதற்குள்ளேயே பதிவாகும். முதல் பயிற்சிக்கு ‘ரா’ வடிவத்தையே நான் பரிந்துரைக்கிறேன். அதில் சேமிப்பகத்தின் பைட்டுகளைத் தவிர வேறொன்றும் கலப்பதில்லை. துண்டின் அளவைக் கேட்குமிடத்தில் 1500 என்று இருப்பதை 0 என்று மாற்றினால் படிமம் துண்டு துண்டாகப் பிரியாமல் ஒரே கோப்பாக வரும். படிமத்தைச் சேமிக்கும் இடம் உங்கள் கணினியின் வட்டாக இருக்கட்டும். முடிந்த பின் சரிபார்க்கும்படி சொல்லும் கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் எம்டி5, எஸ்எச்ஏ-1 என்ற இரண்டு ஹேஷ் மதிப்புகளை மென்பொருள் காட்டும். படித்தபோது கணக்கிட்டதும், எழுதிய படிமத்திலிருந்து மறுபடி கணக்கிட்டதும் ஒன்றாக உள்ளனவா என்றும் சொல்லும். எந்த அளவுள்ள தரவைக் கொடுத்தாலும் எம்டி5 கணக்கு 32 குறிகளையும், எஸ்எச்ஏ-1 கணக்கு 40 குறிகளையும், எஸ்எச்ஏ-256 கணக்கு 64 குறிகளையும் கொண்ட ஒரு மதிப்பைத் தரும். தரவில் ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முழுவதுமே உருமாறிவிடும். இதைச் சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. உங்கள் கணினியில் ஒரு வரி உரைக் கோப்பை உருவாக்கி, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளையால் அதன் மதிப்பை எடுத்து, ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்துச் சேமித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். எம்டி5 கணக்கில் ஒரே மதிப்பு வரும் இரு வேறு தரவுகளை வேண்டுமென்றே உருவாக்க முடியும் என்று 2004-இலும், எஸ்எச்ஏ-1 கணக்கில் 2017-இலும் நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஆகையால் ரா படிமத்தின் மேல் எஸ்எச்ஏ-256 மதிப்பையும் எடுத்து மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அதே பென் டிரைவை இன்னொரு முறை படிமம் எடுங்கள். தடை சரியாக வேலை செய்திருந்தால் இரண்டாம் முறையும் அதே மதிப்புகள் வரும். மூன்றாம் முறை ஈ01 வடிவில் எடுங்கள். மென்பொருள் காட்டும் மதிப்பு முன்போலவே இருக்கும்; ஆனால் அந்த ஈ01 கோப்பின்மேல் நேரடியாகக் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ செய்தால் வேறு மதிப்பு வரும். புதியவர்கள் பதறும் இடம் இது. ஈ01 என்பது ஓர் உறை. உறையில் எடுத்த நேரமும் பெயரும் எழுதப்பட்டிருக்கும், உள்ளிருக்கும் தரவின் மதிப்பு வேறு, உறையின் மதிப்பு வேறு. அறிக்கையில் எதனுடைய மதிப்பை எழுதுகிறீர்கள் என்று தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், இன்னொருவர் சரிபார்க்கும்போது பொருந்தாமல் போய் வீண் சந்தேகம் எழும்.

எஸ்எஸ்டி வகை வட்டுகளில், அழித்த இடங்களை வட்டே உள்ளுக்குள் துப்புரவு செய்துவிடும் ‘டிரிம்’ என்ற ஏற்பாடு இருப்பதால், அழித்ததை மீட்பது பெரும்பாலும் முடியாமல் போகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழிந்த கோப்பு எங்கே போகிறது

பென் டிரைவை எடுத்து உறையில் வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் படிமத்தின்மேல்தான். ஆட்டாப்சியைத் திறந்து, புதிய வழக்கை உருவாக்கி, படிமத்தைச் சேர்க்கும்போது நேர மண்டலத்தைக் கேட்கும். இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வு முடிந்ததும் நீங்கள் அழித்த கோப்புகள் சிவப்புக் குறியுடன் பட்டியலில் நிற்பதைக் காண்பீர்கள். ‘ஐஎம்ஜி_2041’ என்று இருந்த படம் இப்போது ‘_எம்ஜி_2041’ என்று முதல் எழுத்தை இழந்து காட்சியளிக்கும்.

இங்கே சற்று நிதானியுங்கள். எஃப்ஏடி32 அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில், அதாவது கோப்புகளின் பட்டியலில், 32 பைட் நீளமுள்ள பதிவு ஒன்று உண்டு. பெயர், அளவு, தேதிகள், தரவு தொடங்கும் இடத்தின் எண் ஆகியவை அதில் இருக்கும். கோப்பை அழிக்கும்போது விண்டோஸ் தரவைத் தொடுவதில்லை. பதிவின் முதல் பைட்டை, பதினாறடிமான முறையில் ஈ5 என்று, அதாவது 229 என்ற எண்ணாக மாற்றிவிட்டு, கோப்பின் துண்டுகள் எந்த வரிசையில் கிடக்கின்றன என்று சொல்லும் அட்டவணையில் அக்கோப்புக்குரிய இடங்களைக் காலி என்று குறித்துவிடும். முதல் பைட் என்பது பெயரின் முதல் எழுத்து. அதனால்தான் அந்த எழுத்து காணாமற்போனது. எச்எக்ஸ்டியில் ரா படிமத்தைத் திறந்து, பெயரின் மீதிப் பகுதியைத் தேடிப் போய், அதற்கு முன்னால் ஈ5 நிற்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். நீளமான பெயர்களுக்குத் தனியே கூடுதல் பதிவுகள் இருப்பதால் அவை முழுப் பெயருடன் மீளும். பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும் என்றது இதற்காகத்தான்.

துண்டுகளின் வரிசை அழிந்துவிட்டதால், மென்பொருள் தொடக்க இடத்திலிருந்து கோப்பின் அளவுக்கு உரிய இடத்தைத் தொடர்ச்சியாக எடுத்துக் கொடுக்கிறது. புதிதாக ஃபார்மட் செய்த பென் டிரைவில் கோப்புகள் தொடர்ச்சியாகவே எழுதப்படுவதால் உங்கள் படம் முழுமையாக வந்திருக்கும். நெடுநாள் புழங்கிய பென் டிரைவில் பாதிப் படம் சரியாகவும், கீழ்ப்பாதி வேறொரு கோப்பின் குப்பையாகவும் வரும். மீட்டெடுத்த கோப்பு என்பது ஓர் ஊகத்தின் விளைவு என்பதை, அப்படி ஒரு படம் எனக்கு வந்த அன்றுதான் நான் உணர்ந்தேன். அறிக்கையில் ‘மீட்டெடுக்கப்பட்டது’ என்று எழுதும்போது எந்த முறையில் என்று சேர்த்து எழுதும் பழக்கமும் அதிலிருந்தே வந்தது.

பின்னொட்டை மாற்றிய படமும் தப்பியிருக்காது. ஜேபெக் படம் எதுவாயினும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். பெயரை எப்படி மாற்றினாலும் அந்தத் தொடக்கம் மாறாது. அடைவுப் பதிவே முழுவதும் அழிந்துபோன கோப்புகளையும் இந்தத் தொடக்கக் குறிகளைத் தேடித்தான் ஃபோட்டோரெக் போன்ற கருவிகள் மீட்கின்றன.

வேர்டு ஆவணத்தின் உள்விவரங்களையும் திறந்து பாருங்கள். எழுதியவர் பெயர், கடைசியாகச் சேமித்தவர் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரை முப்பதாண்டுக் காலம் அலைக்கழித்த, ‘பிடிகே’ என்று தன்னை அழைத்துக்கொண்ட தொடர்கொலைகாரன், 2005 பிப்ரவரியில் ஒரு ஃபிளாப்பி வட்டைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டுக் கிடந்த ஒரு வேர்டு ஆவணத்தின் உள்விவரத்தில் ‘கிறைஸ்ட் லூத்தரன் சர்ச்’ என்ற தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் ‘டென்னிஸ்’ என்பதும் இருந்தன. அந்தத் தேவாலய மன்றத்தின் தலைவர் டென்னிஸ் ரேடர். அதே மாதம் 25-ஆம் நாள் அவன் கைதானான். விவரம் வழியைக் காட்டியது. குற்றத்தை நிலைநாட்ட டிஎன்ஏ உள்ளிட்ட மற்றச் சான்றுகள் தேவைப்பட்டன. ஓர் உள்விவரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற எல்லையை இந்த வழக்கைப் படிப்பவர்கள் நன்றாக உணரலாம்.

நேரம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது நேரத்தில்தான். உங்கள் படிமத்தையே பாருங்கள். ஒரு கோப்பின் ‘உருவாக்கிய நேரம்’ அதன் ‘திருத்திய நேரத்தை’விடப் பிந்தியதாக இருக்கும். பிறக்கும் முன்பே வளர்ந்ததுபோல் தோன்றும் இதில் புதிர் ஒன்றும் இல்லை. நகலெடுக்கும்போது, புதிய இடத்தில் கோப்பு தோன்றிய நேரம் ‘உருவாக்கிய நேரம்’ ஆகிறது. திருத்திய நேரம் பழைய இடத்திலிருந்து அப்படியே வருகிறது. இன்னொன்று, கடைசியாக அணுகிய நேரம் எல்லாக் கோப்புகளுக்கும் நள்ளிரவு 00:00:00 என்றே காட்டும். யாரும் நள்ளிரவில் திறக்கவில்லை. எஃப்ஏடி அமைப்பில் அணுகிய தேதிக்கு மட்டும்தான் இடம் உண்டு, மணிக்கு இடமில்லை. திருத்திய நேரமும் இரண்டு நொடி இடைவெளிகளில்தான் பதிவாகும்.

எஃப்ஏடி அமைப்பு உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் வட்டுகளில் வழக்கமாக உள்ள என்டிஎஃப்எஸ் அமைப்போ உலகப் பொது நேரத்தில், 1601 ஜனவரி 1 முதல் எண்ணி எழுதுகிறது. குரோம் உலாவியும் 1601-இலிருந்தே எண்ணுகிறது. யூனிக்ஸ் வழிவந்தவை 1970 ஜனவரி 1-இலிருந்து. இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. இந்த ஐந்தரை மணியால் ஒருவரின் வாழ்க்கை குலையக்கூடும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் உள்விசாரணைக்காக எழுதிய என் தொடக்ககால அறிக்கை ஒன்றின் வரைவில், ஓர் ஊழியர் விடியற்காலை 3.10 மணிக்கு நிறுவனக் கோப்புகளை இணையச் சேமிப்பகம் ஒன்றில் ஏற்றியதாகக் குறிப்பிட்டிருந்தேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்த மூத்தவர் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, “இது யாரோட மணி, தம்பி?” என்று மட்டும் கேட்டார். குரோம் வரலாற்றிலிருந்து எடுத்த பொது நேரம் அது. ஐந்தரை மணியைக் கூட்டினால் காலை 8.40, வருகைப் பதிவின்படி அவர் 8.25-க்கு அலுவலகத்துக்குள் வந்து, எல்லோருக்கும் நடுவில் தம் இருக்கையில் அமர்ந்து, தமக்கு இடப்பட்ட வேலையைச் செய்திருக்கிறார். யாருமறியா வேளையில் திருட்டுத்தனமாகச் செய்தார் என்ற என் வாசகம் அந்த வரைவோடு போயிற்று. அன்றிலிருந்து, எந்த மண்டலம் என்று பக்கத்தில் எழுதாத ஒரு நேரத்தைக்கூட நான் நோட்டில் எழுதுவதில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

கருவியின் சொல்லை இன்னொரு கருவியிடம் கேளுங்கள்

அமெரிக்காவின் புளோரிடாவில் 2011-இல் நடந்த கேசி ஆண்டனி வழக்கில், குளோரோஃபார்ம் பற்றிய ஓர் இணையப் பக்கம் வீட்டுக் கணினியிலிருந்து 84 முறை பார்க்கப்பட்டதாக அரசுத் தரப்பு முன்வைத்தது. உலாவியின் வரலாற்றுக் கோப்பைப் படித்த மென்பொருள் அப்படித்தான் சொன்னது. பிறகு அந்த மென்பொருளை உருவாக்கியவரே மீண்டும் ஆராய்ந்தபோது, அந்தப் பக்கம் ஒரே ஒரு முறைதான் பார்க்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது. ஒரு தாய் தன் குழந்தையைக் கொன்றாரா என்று நடுவர்கள் முடிவு செய்ய வேண்டிய வழக்கு அது. ஒன்று எங்கே, எண்பத்துநான்கு எங்கே!

ஆகவே முக்கியமான ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் வேறொரு கருவியாலோ, முடிந்தால் எச்எக்ஸ்டியில் கையாலோ சரிபாருங்கள். இதற்குத்தான் விடை தெரிந்த பென் டிரைவ். ஆட்டாப்சி காட்டும் பட்டியலை உங்கள் நோட்டுடன் வரிக்கு வரி ஒப்பிட்டு, பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். இந்த ஒப்பீட்டில் செலவழிக்கும் ஒரு மாலைப் பொழுது, பத்துக் காணொளிகளைப் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

அடுத்த பயிற்சிகள்

பென் டிரைவ் கைவந்த பிறகு, அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்கென்று வெளியிட்டுள்ள படிமங்களுக்குப் போகலாம். அவற்றில் ‘ஹேக்கிங் கேஸ்’ என்பது பலரும் தொடங்குமிடம். 2004 செப்டம்பர் 20 அன்று கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டெல் மடிக்கணினி, ‘மிஸ்டர் ஈவில்’ என்ற புனைபெயர்க்காரருடையதா என்று ஆராயும்படி அமைந்த கற்பனை வழக்கு அது. கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது. காலத்தால் பழையது என்று ஒதுக்காதீர்கள், ரெஜிஸ்ட்ரியைப் படிக்கக் கற்க அது தெளிவான பாடம். அதனுடன் தரப்பட்டுள்ள கேள்விகளில் முதலாவதே, படிமத்தின் ஹேஷ் மதிப்பு என்ன, அது பொருந்துகிறதா என்பதுதான். அதற்குப் பின், அமெரிக்கக் கடற்படை முதுகலைப் பள்ளியினர் 2009-இல் உருவாக்கிய ‘எம்57’ தொகுப்பில் ஒரு சிறு நிறுவனத்தின் பல கணினிகளைச் சேர்த்து ஆராயலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவகத்தை ஆராய வாலட்டிலிட்டி என்ற கருவி உண்டு. இணைப்பு விவரங்கள், நடந்துகொண்டிருக்கும் செயல்கள், சில வேளைகளில் மறையாக்கத் (என்க்ரிப்ஷன்) திறவுகோல்கூட நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கணினியை அணைத்தால் போய்விடும். விரைவில் மறைவதை முதலில் எடு என்ற வரிசையை 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3227 ஆவணம் வகுத்துத் தருகிறது, அவசியம் படியுங்கள். செல்பேசிகளை முதலாண்டில் தொட வேண்டாம் என்பேன். மறையாக்கமும் மாதிரிக்கு மாதிரி மாறும் பூட்டும் சேர்ந்து, அடிப்படையைக் கற்கவிடாமல் கருவியின் பொத்தானை அழுத்துபவராக உங்களை நிறுத்திவிடும்.

எங்கேனும் மாட்டிக்கொண்டால் அனுபவமுள்ளவர்களிடம் கேளுங்கள். இத்துறையில் கேட்டவருக்குச் சொல்லித் தருபவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் வழக்கு தொடர்பான திரைப்பிடிப்பையோ (ஸ்கிரீன்ஷாட்), பெயரையோ, செல்பேசி எண்ணையோ அனுப்பாதீர்கள். கோப்பு முறைமை எது, மென்பொருளின் பதிப்பு எது, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதைச் சொல்லி, உங்கள் பயிற்சிப் படிமத்தில் அதே சிக்கலை உண்டாக்கிக் காட்டிக் கேளுங்கள். அப்படி உண்டாக்க முயலும்போதே பாதிச் சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

சட்டம்

நண்பரின் மடிக்கணினியானாலும், வாழ்க்கைத் துணையின் செல்பேசியானாலும், உரியவரின் அனுமதியின்றி ஆராய்வது சட்டத்துக்குப் புறம்பானது. நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடி நோக்கத்துடனோ செய்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பயிற்சிக்கு உங்கள் பொருள்களும் பொதுவில் உள்ள படிமங்களும் போதும்.

இந்தியாவில் மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கில் கூறி, 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது 63-ஆம் பிரிவு. அதன் சான்றிதழுக்கென்று அட்டவணையில் இரண்டு பகுதிகள் கொண்ட படிவம் தரப்பட்டுள்ளது; ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹேஷ் மதிப்பையும், எந்தக் கணக்கு முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் அதில் எழுத வேண்டும். நோட்டில் நீங்கள் எழுதி வைத்தது போன்ற ஹேஷ் மதிப்பு சட்டப்படியே கேட்கப்படுவது என்பது இப்போது விளங்கும். அந்தப் படிவத்தைத் தேடி எடுத்து, உங்கள் பயிற்சிப் பென் டிரைவுக்கென்று ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

அறிக்கை

கடைசியாக, அந்தப் பென் டிரைவைப் பற்றி மூன்று நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதுங்கள். என்ன கேட்கப்பட்டது, என்ன பொருள் எந்த நிலையில் வந்தது, எந்தக் கருவியின் எந்தப் பதிப்பால் என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள், எது தெரியவரவில்லை என்ற வரிசை போதும். ‘அவர் இந்தக் கோப்பை அழித்தார்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தப் பயனர் கணக்கில் இந்தக் கோப்பு அழிக்கப்பட்டுள்ளது’ என்பதுவரைதான் கணினி சொல்லும். உங்கள் பென் டிரைவோ அதைக்கூடச் சொல்லாது, ஏனெனில் எஃப்ஏடி அமைப்பில் பயனர் பெயர் பதிவாவதில்லை. விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தது யார் என்பதை மற்றச் சான்றுகள்தாம் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்த அறிக்கையையும் படிமத்தையும், இத்துறையைக் கற்கும் ஒரு நண்பரிடம் கொடுத்து, நோட்டைக் கொடுக்காமல், உங்கள் உதவியும் இல்லாமல் அதே முடிவுகளை அடையச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்களை அழைத்துக் கேட்கிறாரோ அந்த இடத்தில் அறிக்கையில் ஒரு வாக்கியம் குறைகிறது, எழுதிச் சேருங்கள். அவர் கொண்டுவரும் ஹேஷ் மதிப்பும், அழிந்த மூன்று கோப்புகளின் பெயர்களும், அவற்றின் நேரங்களும் உங்கள் நோட்டுடன் ஒத்துப்போன நாளில், அந்தப் பென் டிரைவை மறுபடி உறையிலிட்டு, தேதி எழுதி எடுத்து வையுங்கள். அடுத்து எந்தப் புதிய மென்பொருள் கைக்கு வந்தாலும் அதை முதலில் சோதித்துப் பார்க்க அது வேண்டியிருக்கும்.